மூன்று வெடிகளும் ஓர் அடிக்குறிப்பும்

மார்ச் 4

அன்புள்ள மருமகளே, எங்கள் வம்சத்தின் முதல் கணினிப் பேரரசியே,

உன் அறிக்கை நேற்று அலுவலகத் தபால் பையில் வந்து சேர்ந்தது. நூற்றுப் பதினாறு பக்கம். நான் படிக்க உட்கார்ந்தபோது உன் அத்தை துணி காயப்போடப் போனாள். நான் முடித்தபோது அந்தத் துணிகளுக்கெல்லாம் வயதாகிவிட்டிருந்தது.

என்னைப் பற்றி எங்கே எழுதியிருக்கிறாய் என்று தேடினேன். முன்னுரையில் இல்லை, நன்றியுரையில் இல்லை. ஐம்பத்து மூன்றாம் பக்கத்தில், பக்கத்தின் காலடியில், எறும்பு கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கவேண்டிய எழுத்தில் இருந்தேன். "16, 17, 18 ஆகிய சோதனைகள் சோதனையாளரின் பிழை காரணமாக விலக்கப்பட்டன."

சோதனையாளர்! அக்கா பெற்ற மகளுக்குத் தாய்மாமன் சோதனையாளர் ஆகிவிட்டான். முப்பத்தொரு வருடமாக இந்த நிலையத்தில் வெடிக்கவைத்துக்கொண்டிருக்கிறேன். நான் வெடிக்கவைத்ததையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து வெடித்தால் நிலா இரண்டடி தள்ளிப் போயிருக்கும். அப்பேர்ப்பட்டவனுக்கு ஓர் அடிக்குறிப்பு.

சரி, வழக்குக்கு வருகிறேன். என் இரும்புக் கோளத்தை உனக்குத் தெரியும். நான் 'மாமியார்' என்று கூப்பிடுவது. உள்ளே என்ன கொதித்தாலும் வெளியே முகத்தில் ஒன்றும் காட்டாது. அதற்குள் ஹைட்ரஜனையும் காற்றையும் அளந்து விடுகிறேன். ஃபேன் போட்டுக் கலக்குகிறேன். ஃபேனை நிறுத்தி, உள்ளே எல்லாம் அடங்கும்வரை காத்திருக்கிறேன். பிறகு நட்டநடுவில் ஒரு பொறி. கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். அழுத்தம் ஏறிய கோட்டைக் கருவி வரைந்து கொடுக்கும். அதை உனக்கு அனுப்புகிறேன். அந்தக் கோட்டிலிருந்து தீ எவ்வளவு வேகமாக ஓடியது என்று நீ கண்டுபிடிக்கிறாய்.

பதினெட்டு வெடி அனுப்பினேன். பதினைந்தைச் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டாய். கடைசி மூன்றும்தான் உனக்கு உண்மையில் வேண்டியவை. நூற்றில் பதினைந்து பங்கு ஹைட்ரஜன், அதாவது நீ பாதுகாப்புக் கணக்குப் போடுகிற ஆலையின் பம்ப் அறையில் கசிந்தால் சேரக்கூடிய அதிகபட்சக் கலவை. அதைத்தான் தூக்கி எறிந்தாய். நொடிக்கு நூற்றுப் பத்து 'பார்' அலகு வேகத்தில் அழுத்தம் ஏறும் என்கிறது உன் கணினி. மாமியார் சொன்னது நூற்று அறுபத்தெட்டு, நூற்று எழுபத்தொன்று, இருநூற்று நாற்பது. கணினிக்கும் மாமியாருக்கும் சண்டை வந்தால் மருமகள் கணினி பக்கம் நிற்பது உலக வழக்கம்தான். ஆனாலும் வலிக்கிறது.

உன் கணக்கில் தீ ஒரு வழுவழுப்பான பந்து. சோப்புக் குமிழி மாதிரி அழகாக விரிந்து சுவரைத் தொட்டு அணைகிறது. நான் அப்படி ஒரு தீயை வாழ்நாளில் பார்த்ததில்லை. அதற்குப் பெண் பார்க்கலாமா?

அடிக்குறிப்பை எடு.

உன்னால் சோதனையாளர் என்று அழைக்கப்படும்,
மாமா


மார்ச் 11

மாமாவுக்கு,

வணக்கம். மூன்று முறை போன் செய்தேன். எடுக்கிறீர்கள், நான் பேசத் தொடங்கியதும் வைத்துவிடுகிறீர்கள். கோபம் என்றால் திட்டிவிட்டு வைக்கலாம். ஆகையால் எழுதுகிறேன்.

அந்த மூன்றையும் நான் விளையாட்டுக்கு விலக்கவில்லை. பதினைந்து சோதனைகள் என் கோட்டின்மேல் வந்து உட்கார்ந்தன. மூன்று மட்டும் எகிறின. எகிறியதுகூடப் பரவாயில்லை. ஒரே கலவை, ஒரே கோளம், ஒரே வாரம். ஆனால் ஒன்று நூற்று அறுபத்தெட்டு, இன்னொன்று இருநூற்று நாற்பது. தமக்குள்ளேயே ஒத்துப்போகாத அளவுகளை வைத்துக்கொண்டு நான் எந்தக் கோட்டைத் திருத்துவது? உள்ளே வாயு அடங்குவதற்கு முன்பே பொறி வைத்திருக்கிறீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. சுழன்றுகொண்டிருக்கிற வாயுவில் தீ வேகமாக ஓடும். இது உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

'பிழை' என்ற சொல் கடுமையாகிவிட்டது. ஆறு வாரமாக ஒரு ஞாயிற்றுக்கிழமையும் இல்லாமல் எழுதிய அறிக்கை. என் மேசைக்கு மேலே இருக்கும் டியூப்லைட் மூன்று மாதமாகச் சிமிட்டுகிறது. யாரும் மாற்றவில்லை, நானும் யாரிடமும் சொல்லவில்லை. அந்த நிலைமையில் வேறு சொல் கிடைக்கவில்லை.

கையெழுத்துப் போட்டாகிவிட்டது. என் எண்ணை வைத்து அந்த அறையின் கூரையில் பலகைகள் பொருத்தியாகிவிட்டது. உள்ளே வெடித்தால் தாமாகவே பிய்த்துக்கொண்டு பறந்து, சுவர் இடியாமல் காப்பாற்றுகிற பலகைகள். பம்ப் அறை நேற்றிலிருந்து ஓடுகிறது. இனி அடிக்குறிப்பை எடுத்து என்ன ஆகப்போகிறது?

அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

மருமகள்


மார்ச் 15

மகாராணி அவர்களுக்கு,

போனில் நான் பேசுவதில்லை. உன் குரலைக் கேட்டால் கரைந்து, ஓடி, நிலையத்தின் சாக்கடை வழியாகக் கடலில் கலந்துவிடுவேன் என்ற பயம். எழுது. தபால் பையில் போட்டு அனுப்பு.

'உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை' என்று எழுதிவிட்டு அதையே சொல்லியிருக்கிறாய். அடங்காத வாயுவில் பொறி வைக்கிற கை இல்லை இது. மூன்றும் சரி. மூன்றும், மூன்றும், மூன்றும். என் நோட்டைப் பார். ஒவ்வொரு வெடிக்கும் நேராக 'அடங்கியது' என்று எழுதி, பக்கத்தில் ஒரு டிக் போட்டிருப்பேன். அந்த டிக்கைப் பார்த்து மலைகள் எழுந்து நின்றிருக்கின்றன.

உண்மையான காரணம் எனக்குத் தெரியும். நான் சொல்லட்டுமா? உனக்கு ஏழு வயது. வீடு நிறையச் சொந்தக்காரர்கள். கிணற்றில் முதலை பார்த்த கதையை நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீ பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடுக்கூடத்தில் நின்று அறிவித்தாய். "மாமா எது சொன்னாலும் பத்தால வகுக்கணும். அப்பத்தான் சரியா வரும்." கூடமே உருண்டு புரண்டு சிரித்தது. உன் அம்மாவுக்குப் புரை ஏறி, தலையில் தட்ட நாலு பேர் வேண்டியிருந்தது. அன்றிலிருந்து உனக்கு 'வகுத்தல்' என்று பெயர் வைத்தேன்.

நீ இன்னும் வகுத்துக்கொண்டிருக்கிறாய். இதே மூன்று எண்ணும் வேறு நிலையத்திலிருந்து, டை கட்டிய ஒருவனிடமிருந்து வந்திருந்தால் உன் கோட்டைச் சந்தேகப்பட்டிருப்பாய். மாமாவிடமிருந்து வந்ததால் மாமாவைச் சந்தேகப்பட்டாய். நான் வாயால் அளப்பவன்தான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த நோட்டில் ஒரு எண்ணைக்கூட நான் ஊதியதில்லை. என் வாழ்க்கையில் அந்த ஒரு நோட்டில்தான் நான் அளக்காமல் அளந்திருக்கிறேன்.

இன்னொன்று. கையெழுத்துப் போட்டாயே, அந்த அறைக்குள் யார் உட்காரப் போகிறார்கள் என்று ஒரு தடவையாவது போய்ப் பார்த்தாயா?

மாமா


மார்ச் 24

மாமாவுக்கு,

போய்ப் பார்த்தேன்.

பஸ்ஸில் நாலு மணி நேரம். அறை நான் நினைத்ததைவிடப் பெரியது; தாழ்ந்த கூரை, ஒரு பக்கம் மட்டும் ஜன்னல். ஷிப்டுக்குப் பதினொரு பேர். பம்ப் ஓட்டுகிறவர்கள், பிட்டர்கள், மீட்டர் பார்த்து எழுதுகிற ஓர் அம்மா. அந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். சுவரோரம் உட்கார்ந்து, கால் மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறார். என்னைப் பார்த்ததும், "நீங்கதான் அந்தப் பலகைக்குக் கணக்குப் போட்டவங்களா? நல்லா இருங்க" என்றார்.  தலையாட்டிவிட்டு வந்தேன்.

 வகுத்தேனா என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். வகுத்திருக்கிறேன் மாமா. தெரிந்து செய்யவில்லை. அந்த மூன்று எண்ணையும் முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. 'மாமா ஆரம்பிச்சிட்டார்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டது ஞாபகம் இருக்கிறது. அப்புறம்தான் காரணம் தேடியிருக்கிறேன்.

ஆனால் உங்களிடமும் ஒரு கேள்வி. உங்கள் நோட்டின் நகலை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். 'அடங்கியது' என்று எழுதுகிறீர்கள். எத்தனை நிமிடம் காத்திருந்தீர்கள் என்று எங்குமே எழுதவில்லை. பதினாறாவது வெடிக்கு மட்டும் ஓரத்தில் 'பொறி வரவில்லை, வயர் மாற்றம், 40 நிமிடம்' என்று இருக்கிறது. பதினேழுக்கு 'சாப்பாடு' என்று இருக்கிறது. பதினெட்டுக்கு வெறும் டிக்.

அடங்கிவிட்டது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

முடிந்தால் அதே கலவையை மறுபடி வெடித்துப் பாருங்கள். இந்த முறை கடிகாரம் வைத்து. ஃபேனை நிறுத்திய உடனே ஒன்று, பிறகு இரண்டு நிமிடம், ஐந்து, இருபது, நாற்பது. சுழற்சிதான் காரணம் என்றால் காத்திருக்கக் காத்திருக்க எண் இறங்கிக்கொண்டே வரவேண்டும். இறங்கி என் நூற்றுப் பத்துக்கு வந்தால் நான் சரி. வராமல் எங்காவது நின்றுவிட்டால் நீங்கள் சரி.

நீங்கள் தப்பாக இருக்கவேண்டும் என்று இந்த வாரம் முழுக்க ஆசைப்பட்டேன். மன்னியுங்கள்.

மருமகள்


மார்ச் 30

மருமகளுக்கு,

இந்தக் கடிதத்தை எதாலும் வகுக்காமல் படி.

அடங்கிவிட்டது என்று எப்படித் தெரியும் என்று கேட்டாய். காதால். முப்பத்தொரு வருடமாக அப்படித்தான். சுவிட்சை அணைத்ததும் ஃபேன் உடனே நிற்காது. உர்ரென்று இழுத்து இழுத்துக் குறையும். அந்தச் சத்தம் சுத்தமாகப் போனதும், மனசுக்குள் இருநூறு எண்ணுவேன். அப்புறம் பொறி. கடிகாரம் வைத்திருந்ததில்லை. வைக்கத் தோன்றியதும் இல்லை.

எனக்குக் காது போய்விட்டது. போன டிசம்பரில் டாக்டர் பார்த்தார். இடது காது முழுக்க. வலது காதில் யாராவது பக்கத்தில் நின்று கத்தினால் ஏதோ வருகிறது. முதல் பதினைந்து வெடியும் போன வருட நடுவில், காது இருந்தபோது செய்தவை. கடைசி மூன்றும் ஜனவரியில்.

பதினாறாவதில் வயர் மாற்ற நாற்பது நிமிடம் ஆனது. பதினேழாவதில் கலவையைப் போட்டு, ஃபேனை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனேன். இரண்டிலும் அடங்கியிருந்தது, சந்தேகமே இல்லை. பதினெட்டில் சுவிட்சை அணைத்தேன். சத்தம் இல்லை. நின்றுவிட்டது என்று நினைத்தேன். இருநூறும் எண்ணவில்லை, அன்று ரொம்ப அலுப்பு, எப்படியாவது முடிந்தால் போதும் என்றிருந்தது. பொறி வைத்தேன். ஃபேன் அப்போது முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்திருக்கும். எனக்குத்தான் உலகமே நின்றிருந்தது.

மூன்றும் சரி என்று உனக்கு மூன்று தடவை எழுதினேன். பதினெட்டு தப்பு. அது என் தப்பு.

நீ சொன்ன மாதிரி கடிகாரம் வைத்து ஐந்து வெடி போட்டேன்.

உடனே: இருநூற்று நாற்பத்து மூன்று.
இரண்டு நிமிடம்: நூற்று எண்பத்தொன்று.
ஐந்து நிமிடம்: நூற்று எழுபது.
இருபது நிமிடம்: நூற்று அறுபத்தொன்பது.
நாற்பது நிமிடம்: நூற்று அறுபத்தெட்டு.

கீழே இறங்கவில்லை. அங்கேயே நின்றுவிட்டது. கோட்டுத் தாள்கள் ஐந்தும் இத்துடன் இருக்கின்றன. கோளத்தின் கண்ணாடி வழியாகப் படமும் எடுத்தேன். நாற்பது நிமிடம் காத்திருந்து வைத்த தீயின் படத்தைப் பார். வழுவழுப்பான பந்து இல்லை. முதலை முதுகு மாதிரி மேடும் பள்ளமுமாக இருக்கிறது. இது நிஜ முதலை. கிணற்று முதலை இல்லை. ஹைட்ரஜன் குறைவாக இருக்கும் கலவையில் தீயின்மேல் தானாகவே இப்படிச் சுருக்கம் விழுகிறது போலிருக்கிறது. சுருக்கம் விழுந்தால் பரப்பு கூடும், பரப்பு கூடினால் வேகம் கூடும். மிச்சம் உனக்குத் தெரியும்.

காது விஷயம் அத்தைக்குத் தெரியும். என்னோடு சண்டை போடுவதையே விட்டுவிட்டாள். காது கேட்காதவனிடம் சண்டை போட்டு என்ன சுகம் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினாள். இப்போது உனக்கும் தெரியும். வேறு யாருக்கும் வேண்டாம். அபாய மணி கேட்காதவனை வெடி அறையில் ஒரு நிமிடம் வைத்திருக்க மாட்டார்கள். வெளியே போனால் எனக்கு வேறு எந்த வேலை தெரியும்? போனை நான் ஏன் வைத்துவிட்டேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

மாமா


ஏப்ரல் 6

மாமாவுக்கு,

கடிதம் வந்த அன்றே கணக்கை மறுபடி போட உட்கார்ந்தேன். தீயின் பரப்பைச் சுருக்கம் உள்ளதாக மாற்றினேன். நூற்று அறுபத்தைந்து வந்தது. உங்கள் எண்ணின்மேல் அப்படியே உட்கார்ந்துகொண்டது. சந்தோஷப்பட்டிருக்கவேண்டும்.

சந்தோஷப்படும்படி இல்லை. உங்கள் கோளம் ஓர் அண்டா அளவு. அந்த அறை ஒரு கல்யாண மண்டபத்தில் பாதி. தீ ஓடுகிற தூரம் கூடக்கூடச் சுருக்கமும் கூடிக்கொண்டே போகிறது. அறை அளவுக்குப் போட்டுப் பார்த்தால், இப்போது கூரையில் இருப்பதைப்போல் இரண்டரை மடங்கு பலகை வேண்டும். அவ்வளவு பொருத்தாமல் உள்ளே வெடித்தால் அந்தச் சுவர்கள் தாங்காது.

அறிக்கையைத் திரும்பப் பெறுவதாக அன்றே எழுதிக் கொடுத்தேன். எங்கள் தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "உன் கையெழுத்த நீயே அழிச்சா, அதுக்கப்புறம் உன் கையெழுத்த யாரும்மா நம்புவா?" என்றார். "அழிக்கலன்னா மட்டும் நம்பணுமா சார்?" என்றேன். 

நேற்று அந்த ஆலையின் பாதுகாப்புக் குழு கூடியது. அவர்கள் கேட்டது ஒரே கேள்வி. 'மூன்றையும் பிழை என்று நீங்களே எழுதினீர்கள். இப்போது இரண்டு சரி, ஒன்று மட்டும் பிழை என்கிறீர்கள். அந்த ஒன்று ஏன் பிழை? அதே ஆள், அதே கருவி, அதே வாரம். காரணம் சொல்ல முடியாவிட்டால் அந்த ஆள் புதிதாகச் செய்த ஐந்தையும் எப்படி நம்புவது?'

நியாயமான கேள்வி. நான் பதில் சொல்லவில்லை. வேறு நிலையத்தில் சோதனையைத் திரும்பச் செய்யச் சொல்லியிருக்கிறேன். ஆறு வாரம் ஆகும் என்கிறார்கள். அதுவரை அறை ஓடட்டும் என்று முடிவு. நிறுத்துங்கள் என்று கத்திப் பார்த்தேன். களைத்துப் போய்விட்டேன். இரண்டு நாள் பார்க்கிறேன். வேறு வழி கிடைக்காவிட்டால் நான் சொல்லத்தான் வேண்டியிருக்கும். உங்களிடம் கேட்காமல் சொல்ல மனசு வரவில்லை. கேட்கவும் மனசு வரவில்லை.

அந்தப் பதினொரு பேரும் இன்று காலை ஷிப்டுக்கு வந்திருப்பார்கள்.

மருமகள்


ஏப்ரல் 9

மருமகளுக்கு,

உன் கடிதம் பத்தரைக்கு வந்தது. பதினொன்றுக்கு எங்கள் நிலையத் தலைவரின் அறையில் இருந்தேன். அவரை நாங்கள் கடுகு என்போம். ஆள் சின்னவர், சட்டென்று வெடிப்பார். அவர் பேசியது எனக்குக் கேட்டதல்ல. உதட்டைப் பார்த்துக் கொஞ்சமும், அவர் பிறகு எழுதிக் காட்டியதைப் பார்த்துக் கொஞ்சமும் தெரிந்துகொண்டேன்.

"சார், எனக்குக் காது கேக்கல" என்றேன்.

அவர் சிரித்தார். "எவ்வளவு கேக்கல?"

"ஒண்ணுமே கேக்கல சார்."

"உங்க ஒண்ணுமேவ பத்தால வகுத்தா எவ்வளவு வரும்?"

பார், உன் புகழ் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது. நான்தான் பரப்பினேன், உன்னைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள எனக்கு வேறு கதை இல்லையா என்ன? நிலையம் முழுக்க இருநூறு தடவை சொல்லியிருப்பேன். இருபது என்று வைத்துக்கொள்.

முப்பத்தொரு வருடமாகச் சம்பாதித்த பெயர். உண்மையைச் சொல்ல வந்த நேரத்தில் ஒரு மனிதரை நம்பவைக்க முடியவில்லை. டாக்டர் சீட்டை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். வெளியே முற்றத்தில் திடீரென்று ஆட்கள் ஓடி வந்தார்கள். கணக்குப் பிரிவு, ஸ்டோர், துப்புரவு செய்கிற அம்மா கையில் துடைப்பத்தோடு. எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு நிலையத்தையே பார்த்தார்கள். என்னமோ ஆகிவிட்டது என்று நினைத்து, "சார், வெளிய பாருங்க, ஏன் எல்லாரும் ஓடறாங்க?" என்று திரும்பினேன்.

கடுகு என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். விரல் அபாய மணியின் பொத்தான்மேல் இருந்தது. எவ்வளவு நேரமாக அமுக்கிக்கொண்டிருந்தாரோ.

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போயிருந்தது. விரலை எடுத்துவிட்டு, மேசைக்குப் போய், காகிதத்தில் எழுதினார். 'எவ்வளவு நாளா?'

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெடிக்கவே இல்லை. தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். அதுதான் தாங்க முடியவில்லை.

திங்கள்கிழமையிலிருந்து ஸ்டோரில் உட்காரச் சொல்லியிருக்கிறார். மாமியாரின் சாவியைக் கொடுத்துவிட்டேன். உன் குழு கேட்ட காரணத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நானே எழுதி, கையெழுத்துப் போட்டு, கடுகும் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். டாக்டர் சீட்டின் நகலும் இருக்கிறது. நாற்பது நிமிட வெடியைத் தன் முன்னால் இன்னொரு ஆளை வைத்துத் திரும்பச் செய்தார். நூற்று அறுபத்தொன்பது. தபால் பைக்குக் காத்திருக்கவேண்டாம் என்று தனி ஆள் வழியாக அனுப்புகிறார்.

கேட்கவும் மனசு வரவில்லை என்று எழுதியிருந்தாய். நீ கேட்டிருக்கவேண்டும். மாமன் அவ்வளவு மென்மையானவன் என்று யார் சொன்னது? எழுந்து போ. அறையை மூடு.

மாமா


ஏப்ரல் 17

மாமாவுக்கு,

அறையை மூடியாகிவிட்டது. இன்று காலை பத்து மணிக்கு.

உங்கள் காகிதம் மறுநாளே வந்தும், குழு மறுபடி கூட நேற்றுவரை ஆகிவிட்டது; படித்ததும் மூடச் சொன்னார்கள். திருத்திய அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் உங்கள் காதை எழுதினேன். அதற்குக் கீழேயே என்னுடையதையும் எழுதினேன்: 'கணக்கிட்டவர் தீயை வழுவழுப்பானதாக வைத்துக்கொண்டார். ஒத்துவராத அளவுகளை விசாரிக்காமல் விலக்கினார்.' என்னை அடுத்த வேலையிலிருந்து எடுத்திருக்கிறார்கள். எத்தனை நாளைக்கு என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய்த் தூங்கவேண்டும் போலிருந்தது, ஆனால் அந்தப் பதினொரு பேரிடமும் நானே போய்ச் சொல்லவேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

எல்லோரையும் முற்றத்துக்குக் கூப்பிட்டார்கள். பலகைகள் போதாது, நான் போட்ட கணக்கு தப்பு, சரிசெய்யும்வரை யாரும் உள்ளே போகக்கூடாது என்று சொன்னேன். பிட்டர் ஒருவர், "அப்ப எங்களுக்கு லீவா?" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். மீட்டர் பார்க்கிற அம்மா சிரிக்கவில்லை.

"பலகை போதாதுன்னா என்ன அர்த்தம்மா?"

"உள்ள கசிஞ்சு தீப்பிடிச்சிருந்தா சுவர் நின்னிருக்காது."

"எந்தச் சுவர்?"

"நீங்க உக்கார்ற சுவர்தான் மொதல்ல."

அவர் விரலை மடக்கி எண்ணினார்.

"முப்பத்தெட்டு நாள்" என்றார். "நடுவுல காய்ச்சல்னு ரெண்டு நாள் வரல. முப்பத்தாறு."

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். பஸ்ஸில் வரும்போது வாக்கியத்தைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன். அந்த முப்பத்தாறைக் கேட்டதும் அது வாயிலேயே நின்றுவிட்டது.

அவர் உள்ளே போனார். யாரும் போகக்கூடாது என்று காவலாளி சொன்னார். பம்ப்பெல்லாம் நின்றிருந்ததால் நான் விடச் சொன்னேன். இரண்டு நிமிடம் கழித்து உள்ளேயிருந்து கரகரவென்று இழுக்கிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். ஒரு மர மேசையைத் தனியாக வாசலுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்.

"இனிமே மீட்டர் பாக்க வேண்டாம்மா. எல்லாம் நிறுத்தியாச்சு" என்றேன்.

"தெரியும். இது ஆபீஸ் மேசை இல்ல. எங்க வீட்டு மேசை. இங்க எழுத ஒண்ணும் தரல, நான்தான் கொண்டாந்து போட்டேன்."

சொல்லிவிட்டு மறுபடி இழுத்தார். கனமான மேசை மாமா. வாசற்படியில் கால் இடித்து நின்றுவிட்டது. நான் மறுமுனையைப் பிடித்துத் தூக்கினேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மருமகள்